ஐந்து நிமிடத்தில் ஆள் எப்படி என்று தெரிந்துவிடுமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2

ஏனுங்க, இருபது வருஷமா ஆள் எடுக்கறேன். உள்ளே வந்து நாற்காலியை இழுத்து உட்காரும்போதே ஆள் எப்படின்னு தெரிஞ்சு போயிடும். மிச்ச அரை மணி நேரம் மரியாதைக்குப் பேசறதுதான். புதுசா வந்த எச்.ஆர். பொண்ணு, எல்லாருக்கும் ஒரே கேள்வியைத்தான் கேக்கணும், ஒவ்வொண்ணுக்கும் மார்க் போடணும்னு நிக்குது. ஆராய்ச்சி அப்படித்தான் சொல்லுதாம். நெசமாவா?

பிப்ரவரி 2, இரவு

நிஜம்தான். அந்தப் பெண் சொல்வதைக் கேளுங்கள்.

ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1998-ல் 85 வருட ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஆள் எடுக்கும் 19 வழிமுறைகள். ஒவ்வொன்றும் பிற்பாடு அந்த ஆள் வேலை செய்த விதத்தோடு எவ்வளவு ஒத்துப்போனது என்று ஓர் எண். 0 என்றால் சம்பந்தமே இல்லை, 1 என்றால் அச்சாக ஒத்துப்போகிறது. எல்லாருக்கும் ஒரே கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் இன்டர்வியூவுக்கு 0.51. நாம் வழக்கமாகப் பேசுகிற பேச்சுக்கு 0.38. எத்தனை வருட அனுபவம் என்பதற்கு வெறும் 0.18. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வதற்கு 0.02.

அதே வேலையில் ஒரு சின்னத் துண்டைச் செய்யச் சொல்லிப் பார்ப்பது 0.54. பட்டியலில் அதுதான் முதலிடம்.

பிப்ரவரி 4

"0.51-க்கும் 0.38-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணை விடுங்கள், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு மெஷின் ஷாப்பில் இருக்கிறேன். 2013-ல் டர்னர் வேலைக்கு, அதாவது லேத் மெஷின் ஓட்ட, ஒரு பையன் வந்தான். ஐ.டி.ஐ. முடித்தவன். "உன்னைப் பத்திச் சொல்லுப்பா" என்றேன். பேரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், நின்றுவிட்டான். உள்ளங்கை வேர்வையை பேன்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். நான்கு கேள்விக்கும் ஒற்றை வார்த்தையில் பதில். தன்னம்பிக்கை போதாது என்று எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவன் கலகலவென்று பேசினான். அவனை எடுத்தோம். எட்டு மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான்.

இரண்டு வருடம் கழித்து, எங்கள் ஷாஃப்ட் (பம்ப்பில் சுழலும் தண்டு) லாட் ஒன்றைத் திருப்பி அனுப்பிய கஸ்டமர் கம்பெனிக்கு நேரில் போனேன். அவர்களுடைய இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் நின்றது அதே பையன். என் முன்னால் ஷாஃப்டை வி-பிளாக் தாங்கியில் வைத்து, கோணலைக் காட்டும் டயல் கேஜின் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஒரு சுற்று மெதுவாகச் சுற்றினான். முள் 0.05 மில்லிமீட்டர் வரை போய் வந்தது. டிராயிங்கில் 0.02 தான் அனுமதி. "பாருங்க சார்" என்றான். அவ்வளவுதான் பேசினான். அந்த வேலைக்கு அதற்கு மேல் பேச வேண்டியதும் இல்லை.

அவனுக்கு என்னை நினைவிருந்ததா என்று தெரியாது. எனக்கு அவனை நன்றாக நினைவிருந்தது.

பிப்ரவரி 5

ஒருவர் கேட்டது: ஒரு ஆளை வைத்துச் சட்டம் போடலாமா? கூடாது. சரியான கேள்வி. அதனால்தான் பலபேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது.

இதில் பழையது 1915-ல் வால்டர் டில் ஸ்காட் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்தது. விற்பனைப் பிரதிநிதி வேலைக்கு வந்த 36 பேரை, அனுபவமுள்ள 6 மேலாளர்கள் தனித்தனியாகப் பார்த்து வரிசைப்படுத்தினார்கள். ஒருவர் மேல் பாதியில் வருவாரா கீழ்ப் பாதியில் வருவாரா என்பதில்கூட 28 பேர் விஷயத்தில் மேலாளர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அதே 36 பேர். ஆறு பேருக்கும் "பார்த்தாலே தெரிந்திருக்கும்". ஆறு பேருக்கும் வேறு வேறாகத் தெரிந்தது.

பிப்ரவரி 9

முதல் குறிப்பில் நான் கொடுத்த எண்களைத் திருத்த வேண்டும். அவை கால் நூற்றாண்டாக எல்லாரும் சொல்லிவந்தவை. ஆனால் 2022-ல் சாக்கெட் என்ற உளவியலாளரும் இன்னும் மூன்று பேரும் அதே விஷயத்தைத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். புது எண்கள்: ஒரே கேள்வி முறை 0.42. வெறும் பேச்சு 0.19. வேலைத் துண்டு 0.33. அறிவுத்திறன் தேர்வு முன்பு 0.51 என்றிருந்தது, இப்போது 0.31.

ஏன் இப்படி இறங்கின? வேலைக்கு எடுத்தவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதுதான் நமக்குத் தெரியும். எடுக்காதவர்கள் எப்படிச் செய்திருப்பார்கள் என்பது தெரியாது. மருத்துவக் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் நீட் மதிப்பெண்ணைப் பாருங்கள், எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கும். அதை வைத்து மதிப்பெண்ணுக்கும் டாக்டராவதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தக் குறையை ஈடுகட்ட எண்ணைக் கொஞ்சம் உயர்த்துவார்கள். பழைய கணக்கில் அளவுக்கு மீறி உயர்த்திவிட்டார்கள் என்பது சாக்கெட் குழுவின் வாதம். படித்தவரை எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஆக, நான் முதலிடம் என்று சொன்ன வேலைத் துண்டு கொஞ்சம் கீழே போய்விட்டது, ஒரே கேள்வி முறை மேலே வந்துவிட்டது. நமக்கு முக்கியமானது இது: ஒரே கேள்விக்கும் வெறும் பேச்சுக்கும் இடையே இருந்த தூரம் குறையவில்லை, கூடியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 0.42 என்பதும் பெரிய எண் இல்லை. எவ்வளவு பங்கு பிடிபடுகிறது என்று பார்க்க அதை அதாலேயே பெருக்க வேண்டும், 0.18-க்குள்தான் வரும். ஆளுக்கு ஆள் வேலையில் தெரியும் வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட அதில் பிடிபடாது. எவ்வளவு ஒழுங்காக எடுத்தாலும் முதல் ஆறு மாதம் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் வேண்டும்.

பிப்ரவரி 11

"பேச்சில் தகவல் கிடைக்காமலா போகும்? கொஞ்சமாவது உதவாதா?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜேசன் டானா, ராபின் டாஸ், நதானியல் பீட்டர்சன் 2013-ல் வெளியிட்ட சோதனையைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை என்றே சொல்லலாம்.

கல்லூரி மாணவர்கள் சக மாணவர்களை இன்டர்வியூ செய்து, அடுத்த பருவத்தில் என்ன மதிப்பெண் வாங்குவார்கள் என்று கணிக்க வேண்டும். பழைய மதிப்பெண் கையில் கொடுக்கப்பட்டிருக்கும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகள் மட்டுமே கேட்கும் ஒரு வகை வைத்திருந்தார்கள். அதில் சில மாணவர்களுக்கு ரகசியமாக ஒரு விதி: உண்மையைச் சொல்லாதே. கேள்வியின் கடைசி வார்த்தைகளின் முதல் எழுத்தைப் பார், அதைப் பொறுத்து ஆம் அல்லது இல்லை என்று சொல். அதாவது பூவா தலையா போடுவது போல.

எதிரில் இருந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இந்த ஆளைப் புரிந்துகொண்டேன் என்ற எண்ணம், உண்மை பேசியவர்களிடம் எப்படி வந்ததோ அப்படியே இவர்களிடமும் வந்தது. கடைசியில் எந்தக் கணிப்பு கூடுதல் சரியாக இருந்தது தெரியுமா? ஆளைச் சந்திக்காமல், பழைய மதிப்பெண் மாதிரித் தகவலை மட்டும் பார்த்துப் போட்டது. பேச்சு உதவாததோடு நிற்கவில்லை, கையில் இருந்த நல்ல தகவலையும் கலக்கிவிட்டது.

குழம்பில் உப்பு சரியாக இருக்கும்போது சும்மா இருக்காமல் இன்னொரு கரண்டித் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி.

பிப்ரவரி 12

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. 1979-ல் ஹூஸ்டனில் டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 800 பேரை இன்டர்வியூ செய்து தரவரிசை போட்டு 150 பேரை எடுத்தது. அப்புறம் மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொன்னது. அதற்குள் நல்ல இடத்தில் இருந்தவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் 700-க்கும் 800-க்கும் இடையே தரவரிசை பெற்றவர்கள். அவர்களிலிருந்து 50 பேர். படிப்பிலும் சரி, அதற்குப் பிறகான முதல் வருடப் பயிற்சியிலும் சரி, இந்த 50 பேருக்கும் முதலில் எடுத்த 150 பேருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த ஐம்பது பேரும் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தே இருக்க மாட்டார்கள், இடம் கூடுதலாக வராமல் இருந்திருந்தால்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று கொஞ்சம் நேரம் இருக்கிறது. மனதில் ரொம்ப நாளாகக் கிடப்பதை எழுதுகிறேன்.

வெறும் பேச்சு என்கிறோமே, நம் ஊரில் அது எங்கே ஆரம்பிக்கிறது? "எந்த ஊரு?" அப்புறம், "ஊர்ல எந்தப் பக்கம்?" அப்புறம், "அப்பா என்ன பண்றாங்க?" மூன்றாவது பதில் வருவதற்குள் கேட்டவருக்கு வேண்டியது தெரிந்துவிடும். சாதி என்ற வார்த்தையை யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள்.

சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007-ல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியது. தில்லிப் பக்கத்து நிறுவனங்களின் எச்.ஆர். மேலாளர்கள் 25 பேரிடம் பேசியிருக்கிறார்கள். தகுதி ஒன்றுதான் எங்களுக்கு முக்கியம் என்கிறவர்களே குடும்பப் பின்னணி என்ன என்றும் தவறாமல் கேட்டார்கள். அதே வருடம் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் வெளியிட்ட ஆய்வு அதற்கும் முந்தின படியைப் பார்த்தது. 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். தகுதி சமம், பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் (1 என்றால் சமம்) தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இன்டர்வியூ அறைக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே இவ்வளவு.

நீதிமன்றம் இதைத் தொட்டிருக்கிறது. 1980-ல் அஜய் ஹாசியா வழக்கு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று நிமிடம்தான் பார்த்தார்கள், கேட்டதெல்லாம் பெற்றோர் யார், வீடு எங்கே என்பதுதான் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் போடுவது தன்னிச்சையானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. (யு.பி.எஸ்.சி.யில் இப்போது 2,025-க்கு 275, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-ல் 850-க்கு 100. இரண்டும் அந்தக் கோட்டுக்குள்தான் வருகின்றன.)

அதற்கும் பத்து வருடம் முன்னால் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று உண்டு, பெரியகருப்பன் வழக்கு. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275-ல் 75 நேர்முகத்துக்கு. விளையாட்டு, உடல்நிலை, பொது அறிவுத்திறன் என்று ஐந்து தலைப்புகளில் பிரித்துப் போட வேண்டிய மதிப்பெண்ணைத் தேர்வுக் குழுக்கள் மொத்தமாக ஒரே எண்ணாகப் போட்டிருந்தன. அப்படிப் போட்டது செல்லாது என்றது நீதிமன்றம். தலைப்பு தலைப்பாகப் போடு என்று உளவியலாளர்கள் சொல்வதும் அதே காரணத்துக்காகத்தான். ஒரு விஷயத்தில் பிடித்துப்போனால் எல்லாவற்றிலும் நல்லவராகவே தெரிவார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழிருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்ணில் தார்ண்டைக் என்ற உளவியலாளர் 1920-ல் காட்டியது அது.

எங்கள் ஷாப்பில் "எந்த ஊரு" கேள்வியை எடுத்துவிட்டோம். "சும்மா சகஜமா பேச வைக்கத்தானே கேக்கறோம்" என்று பேனலில் ஒருவருக்கு மனவருத்தம். எல்லாரும் அப்பாவி மனதோடுதான் கேட்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பதிலைச் சொல்ல வேண்டியவன் மனதில் என்ன ஓடுகிறது என்பதை யோசிக்க வேண்டாமா? சகஜமாக்கத் தண்ணீர் கொடுங்கள், வந்த பஸ்ஸைப் பற்றிக் கேளுங்கள்.

பிப்ரவரி 17

பஸ்ஸைப் பற்றிக் கேட்டாலும் ஊர் தெரிந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. டீயா காப்பியா என்று கேட்கலாம்.

பிப்ரவரி 23

"இப்படி மார்க் ஷீட் வைத்துக் கேட்டால் நாங்கள் மனிதர்களா, மெஷினா?"

இந்தக் குறை ரொம்பப் பழையது. 1955-ல், பிற்பாடு பெரிய உளவியலாளரான டேனியல் கானமன் 21 வயதில் இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தார். படைக்கு வருபவர்களை எந்தப் பிரிவுக்கு அனுப்பலாம் என்று இன்டர்வியூ செய்யும் முறையை அவர் மாற்ற வேண்டியிருந்தது. ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் நடந்ததைப் பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், ஒன்றை முடித்த பிறகே அடுத்தது. இன்டர்வியூ செய்தவர்கள் "எங்களை ரோபோ ஆக்குகிறீர்கள்" என்று கோபப்பட்டார்கள். அவர் ஒரு சமாதானம் செய்தார்: ஆறுக்கும் மதிப்பெண் போட்ட பிறகு கண்ணை மூடிக்கொண்டு இந்த ஆள் எப்படிப்பட்ட சிப்பாயாக வருவான் என்று யோசித்து, அதற்கும் ஒரு எண் போடுங்கள்.

ஆச்சரியம், கண்ணை மூடிப் போட்ட அந்த எண்ணும் ஆறின் கூட்டுத்தொகை அளவுக்கு நன்றாக வேலை செய்தது.

கேள்வி கேட்ட ஐயாவுக்கு இதைத்தான் சொல்ல வருகிறேன். உங்கள் இருபது வருட அனுபவத்தை யாரும் குப்பையில் போடச் சொல்லவில்லை. அதைக் கடைசியில் வையுங்கள். நாற்காலியை இழுக்கும்போது வேண்டாம்.

பிப்ரவரி 24

கூடவே இன்னொரு விதி, எங்கள் ஷாப்பில் பட்டுத் தெரிந்துகொண்டது. சூப்பர்வைசர் வேலைக்கு நான்கு பேர் பேனலாக உட்கார்ந்திருந்தோம். நடுவில் எம்.டி. உள்ளே எட்டிப் பார்த்தார், வந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசினார், "நல்ல பையன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பக்கத்தில் இருந்தவர் ஷீட்டில் 5 என்று போட்டிருந்ததை 7 ஆக்கியதைப் பார்த்தேன். அவரைக் குறை சொல்லவில்லை, என் பேனாவும் நின்றது. அன்றிலிருந்து மதிப்பெண் போட்டு முடித்து ஷீட்டைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் வாயைத் திறப்பது. எம்.டி.க்கும் ஒரு ஷீட் உண்டு.

மார்ச் 2

திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்து ஆள் எடுத்த அமெரிக்க இசைக்குழுக்களைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். கோல்டின், ரவுஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் 2000-ல் வெளியிட்ட அந்த ஆய்வை நானும் பேனலில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். திரை போட்டதும் பெண்களுக்கு வாய்ப்பு கூடியது என்று. அப்புறம் அந்த எண்கள் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை என்று 2019-ல் புள்ளியியல்காரர்கள் காட்டினார்கள். திரை போடுவது நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஆய்வை ஆதாரமாகச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 9

வேலைத் துண்டு பற்றி மறுயோசனை.

நாங்கள் கொடுப்பது இது. 25 மில்லி விட்டமுள்ள ஒரு ஷாஃப்ட், மூன்று இடத்தில் பேனாக் குறி, மூன்றையும் வெர்னியரில் (இரண்டு தாடைக்கு நடுவே பொருளை வைத்து நுணுக்கமாக அளக்கும் கருவி) அளந்து எழுத வேண்டும். போன வாரம் பாலிடெக்னிக் முடித்த ஒரு பெண் வந்தார். கேள்விகளுக்கு அருமையாகப் பதில் சொன்னார். வெர்னியரைக் கையில் எடுத்ததும் திணறினார். கேட்டால், கல்லூரி லேபில் பத்துப் பேருக்கு ஒரு வெர்னியர், ஆண்பிள்ளைகள் அளப்பார்கள், இவர் ரெக்கார்டு எழுதுவாராம்.

நாங்கள் அளந்தது அவருடைய திறமையையா, அவர் கைக்கு வெர்னியர் கிடைத்ததா என்பதையா? பேனலில் பேசினோம். இனிமேல் எல்லாருக்கும் முதலில் பதினைந்து நிமிடம், எங்கள் ஃபோர்மேன் அண்ணன் ஒரு முறை காட்டித் தருவார், அப்புறம் தேர்வு. அந்தப் பெண்ணையும் மறுபடி கூப்பிட்டோம். 0.02 பிசகாமல் மூன்றையும் எழுதினார். வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

மார்ச் 30

மூன்று வாரமாக எழுதவில்லை. இன்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

புதன்கிழமை டர்னர் வேலைக்கு ஒரு பையன். ஷாஃப்டைத் தொடவில்லை. முதலில் வெர்னியரின் இரண்டு தாடையையும் சட்டை நுனியால் துடைத்தான். மூடினான். ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். திறந்து, மறுபடி துடைத்து, மறுபடி மூடிப் பார்த்தான். "சார், இதுல ஜீரோ எரர் இருக்குங்க. மூடியிருக்கும்போதே நாலு பாயின்ட் அதிகம் காட்டுது. வேற இருந்தா கொடுங்க, இல்லேன்னா கழிச்சு எழுதறேன்."

வாங்கிப் பார்த்தோம். 0.04. யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். தேர்வுக்கு இரண்டு வெர்னியர் வைத்திருந்தோம், ஒன்று சரியானது, ஒன்று இது. சரியான விடையை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதி வைத்திருக்கிறோம், நடுக் குறிக்கு 24.96. இந்த வெர்னியர் கைக்கு வந்து, அது காட்டியதை அப்படியே எழுதினால் 25.00. தப்பு என்று போட்டிருப்போம். நல்ல வெர்னியர் கிடைத்தவன் ஜீரோவைப் பார்க்காவிட்டாலும் 24.96 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருப்பான்.

எல்லாருக்கும் ஒரே கேள்வி என்று இரண்டு மாதமாக இங்கே எழுதுகிறேன். எல்லாருக்கும் ஒரே வெர்னியர் கொடுக்கவில்லை.

எது எப்போது கெட்டது என்று தெரியவில்லை. யார் கையில் எது இருந்தது என்று ஷீட்டில் எழுதியதும் இல்லை. ஜனவரியிலிருந்து வந்த ஷீட்டுகளை எல்லாம் எடுத்து வைத்தேன். மூன்று குறிக்கும் சரியாக 0.04 கூடுதலாக எழுதி, அதனால் தோற்றவர்கள் ஐந்து பேர். சனிக்கிழமை காலை நானே ஐந்து பேருக்கும் போன் செய்தேன். ஒருவர் எடுக்கவில்லை. இரண்டு பேர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள், பரவாயில்லை சார் என்றார்கள். இரண்டு பேர் செவ்வாய்க்கிழமை வருகிறார்கள்.

கெட்ட வெர்னியரை ஃபோர்மேன் அண்ணன் தூக்கிப் போடப் போனார். வேண்டாம் என்று வாங்கி வைத்திருக்கிறேன். இனி எல்லாருக்கும் அதையே கொடுப்பதா, எல்லாருக்கும் நல்லதையே கொடுப்பதா என்று பேனலில் இன்னும் முடிவாகவில்லை.